வெறுப்பவனை நடுவில் வைத்துச் சிறுகதை எழுதுவது எப்படி: ஒரு சேலத்துச் செய்முறை

இனவெறுப்பைப் பற்றிக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வெறுக்கப்படுகிறவனைத்தான் நாயகனாக எடுத்துக்கொள்கிறார்கள். அவன் நல்லவன், கடும் உழைப்பாளி, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவன். எதிரில் கத்திக்கொண்டு ஒரு கெட்டவன். இரண்டாவது பக்கத்திலேயே வாசகர் யார் பக்கம் என்று முடிவுகட்டிவிடுவார். அதற்குப் பிறகு கதையில் அவருக்கு வேலை இல்லை. வெறுப்பு ஒருவனுக்குள் எப்படிக் குடியேறுகிறது, அவனுக்கு என்ன கொடுக்கிறது, எந்த நேரத்தில் கை நீட்டுகிறது என்பது தெரிய வேண்டுமானால் வெறுப்பவனையே நடுவில் வைக்க வேண்டும். வாசகர் கதை முழுக்க அவனோடு நடக்க வேண்டும், பாதி தூரம் வரைக்கும் அவனைப் பிடித்துப்போகவும் வேண்டும்.

இங்கே ஒரு மாதிரிக் கதையை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். இடம், வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் நடுவே ஒரு ஜவ்வரிசி ஆலை. ஆள் பழனிவேல், 52 வயது, மேஸ்திரி. அவன் வெறுப்பது பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஆலையிலேயே தங்கியிருக்கும் 14 பேரை. ஆலையும் ஆட்களும் கற்பனை. வேலை முறை உண்மை.

களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெறுப்பை எழுதப் போகிறோம் என்ற அவசரத்தில் பலரும் வேலையை விட்டுவிடுகிறார்கள். வேலை தெரியாமல் அதிகாரம் தெரியாது. யார் நிழலில் நிற்கிறார், யார் வெயிலில் நிற்கிறார் என்பதைத் தீர்மானிப்பது வேலைதான்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்து இறங்கும். கழுவி, தோலுரித்து, அரைத்து, பால் வடித்துத் தொட்டியில் படியவிடுவார்கள். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் உறைந்து கிடக்கும் ஈரமாவை வெட்டி எடுத்து உடைத்து, குலுக்கி உருட்டி, சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். சக்கை தனியே ஒதுங்கும். அதற்குப் பெயர் திப்பி. வறுக்கிற இடம் சூடு, தொட்டி ஈரம், களம் வெயில். மேஸ்திரி இந்த மூன்றிலும் நிற்பதில்லை. மூன்றையும் பார்க்கிற ஓர் இடத்தில் நிற்கிறான். அந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தை வைத்துவிட்டால் பாதி கதையை மரமே சொல்லிவிடும்.

இன்னொன்று, நாற்றம். ஆலைக் கழிவுநீரும் ஊறிய திப்பியும் புளித்து அடிக்கிற வாடை புதிதாக வருகிறவரைக் குமட்ட வைக்கும். பழனிவேலுக்கு அது வாடையே இல்லை. முப்பது வருஷமாக மூக்கில் ஏறி உட்கார்ந்தது. அவனுக்கு நாறுவது அந்த 14 பேர் சமைக்கும் கடுகெண்ணெய் மட்டும். இந்த முரணைக் கதையில் எந்த வாக்கியமும் சுட்டிக்காட்டக் கூடாது. மூன்றாம் பத்தியில் திப்பி வாடையை ஊர்க்காரன் கண்ணோட்டத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஏழாம் பத்தியில் கடுகெண்ணெயை வைத்தால் போதும். வாசகர் சேர்த்துக்கொள்வார்.

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். குச்சிக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இரண்டாம் உலகப்போரில் மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோன பிறகு, 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது, அவருக்குத் தொழில் விவரம் சொன்னவர் மலேயாவில் அதைப் பார்த்திருந்த போபட்லால் ஷா. ஆக, "வெளியூர்க்காரன் வந்து நம்ம தொழிலைக் கெடுத்துட்டான்" என்று பழனிவேல் சொல்கிற தொழில், வெளியூர்க் கிழங்கும் வெளியூர்க்காரர் சொன்ன வித்தையும் சேர்ந்து முளைத்தது. இதைக் கதைக்குள் போடாதீர்கள். எழுதுகிறவர் தெரிந்து வைத்திருந்தால், பழனிவேல் வாயில் அந்த வசனம் வரும்போது கை தானாகவே அளந்து எழுதும்.

வெறுப்பில் அவனுக்கு என்ன கிடைக்கிறது?

இதுதான் கதையின் அச்சு. இதற்கு விடை தெரியாமல் முதல் வரியை எழுத வேண்டாம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் விடை பணம். முன்பு ஆள் சேர்த்துக் கொடுத்ததில் தலைக்கு இவ்வளவு என்று பழனிவேலுக்குக் கிடைத்தது. இப்போது ஒரு காண்ட்ராக்டர் நேராக ரயிலில் ஆள் இறக்குகிறான். அந்த வரும்படி போயிற்று. இது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஆபத்தான விடை. காரணம் முழுசாகப் பொருந்திவிட்டால் கதை வெறுப்புக்கு வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிவிடும். "பாவம், அவன் பிழைப்பு போச்சே" என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இன்னும் கீழே தோண்டுங்கள். பழனிவேலின் சாதியை முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கதையில் அறிவிக்க வேண்டியதில்லை. முதலாளி வீட்டில் இருபது வருஷமாக அவனுக்குத் திண்ணைதான், தனி டம்ளர்தான். வெளியூர் ஆட்கள் வந்து இறங்கிய பிறகு ஒருநாள் முதலாளி ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டி, "நீ சொல்லு பழனி. என்ன இருந்தாலும் நீ நம்ம ஆளு" என்கிறார். டீ கண்ணாடி கிளாசில் வருகிறது, அவருக்கு வந்த மாதிரியே. இருபது வருஷத்தில் கிடைக்காத "நம்ம" அவனுக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்தது அந்த 14 பேருடைய வருகை. அவர்கள் அந்நியர்களாக இருக்கிற வரைக்கும்தான் அந்த நாற்காலி. அவர்களில் ஒருவனை மனுஷனாகப் பார்த்துவிட்டால் பழனிவேல் மறுபடியும் திண்ணைக்குப் போக வேண்டும். இதுதான் அவன் வெறுப்பின் வருமானம். அவனுக்கே இது தெரியாது. தெரிகிற மாதிரி எழுதினால் கதை போயிற்று.

சாதி வெறுப்பையும் இன வெறுப்பையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். முகம், நிறம், மொழி, ஊர் இவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்று. பிறப்பு, தீட்டு, மணஉறவு இவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. ஆனால் சேலத்து ஆலைக் கதையில் இரண்டாவதை அழித்துவிட்டு முதலாவதை மட்டும் எழுதினால் அது எந்த ஊர்க் கதையாகவும் இருக்காது. இரண்டும் ஒரே நாற்காலியில் சந்திக்கின்றன.

இனி ஒரு மிச்சம் வேண்டும். வருமானக் கணக்குக்குள் அடங்காத ஒரு செயல். அந்த ஆட்கள் குழாயடிச் சுவரில் ஆணியடித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். ஆறு மணிக்கு வரிசையாக நின்று தலை சீவிக்கொள்கிறார்கள். ஒரு மதியம், யாரும் இல்லாதபோது, பழனிவேல் அதைக் கழற்றித் திப்பிக் குவியலுக்குள் செருகுகிறான். காசு இல்லை, பெயர் இல்லை, பார்த்தவர் இல்லை. ஏன் செய்தான் என்று கதை சொல்லக் கூடாது. காரணம் உள்ள வெறுப்பை எல்லோரும் எழுதிவிடுவார்கள். இந்தக் கண்ணாடிதான் கதை எழுதுகிறவரின் வேலை. காட்சிக்கு 300 சொல் தாராளம். அவன் ஆணியையும் பிடுங்கினானா, ஆணியை விட்டுவிட்டானா என்பதை மட்டும் யோசித்து எழுதுங்கள். ஆணி இருந்தால் மறுநாள் காலை அவர்கள் அதன் முன்னால் நின்று பார்க்கிற காட்சி ஒன்று உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

திணையைப் பயன்படுத்துங்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒருவரை மனிதரிலிருந்து இறக்க வசைச்சொல்லே தேவையில்லை, வினைமுற்று போதும். இரண்டு பத்திகளைப் பாருங்கள்.

"பழனிவேலுக்கு வடநாட்டுத் தொழிலாளர்களைக் கண்டாலே ஆகாது. அவர்கள் அழுக்கானவர்கள், நம்ப முடியாதவர்கள் என்று அவன் நினைத்தான்."

"குழாயடியில் நாலு நின்றுகொண்டிருந்தது. ரெண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தது. பழனிவேல் வண்டியை ஸ்டாண்ட் போட்டான். கீழே இருந்தது அவனுடைய சிவப்பு வாளி. யார் எடுத்தது என்று கேட்கவில்லை, கேட்டாலும் விளங்காது. காலால் சாய்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் போனான். தண்ணீர் அவன் செருப்பையும் நனைத்தது."

முதலாவது புகார் மனு. இரண்டாவதில் கருத்தே இல்லை, ஆனால் நாலு பேர் நாலு உருப்படியாகிவிட்டார்கள். எண்ணிக்கைக்குப் பின்னால் "பேர்" இல்லை, முற்று அஃறிணை. "அதுங்க சாப்பிட்டுச்சா?", "ஒண்ணு குறையுதே" என்று பேச்சிலும் இதே வரும். ஒரு எச்சரிக்கை: "அது பாட்டுக்கு வெளையாடுது" என்று குழந்தையையும் சொல்கிறோம், பாசத்திலும் அஃறிணை வரும். அதனால் வெறும் "அது" மட்டும் போதாது, எண்ணிக்கையோடோ பொருளோடோ சேர்த்து வர வேண்டும். மூட்டையையும் ஆளையும் ஒரே மூச்சில் எண்ணுகிற வருகைப் பதிவு ஒரு நல்ல இடம்: "மூட்டை நாப்பது, இந்தி பதினாலு."

கதையை அவன் தலைக்குள்ளிருந்து சொல்வதால் கதைசொல்லியும் இந்த அஃறிணையைப் பேசுவார். படர்க்கையில், ஆனால் அவன் தோளை ஒட்டி. தன்மையில் எழுதினால் பழனிவேல் தன்னை நியாயப்படுத்தப் பேசத் தொடங்கிவிடுவான். பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டான். எட்ட நின்று எழுதினாலோ கதைசொல்லி நீதிபதி நாற்காலியில் ஏறிவிடுவார்.

கதை முழுக்க இப்படியே போய், ஒரே ஓர் இடத்தில் வழுக்க வேண்டும். அவன் அறியாமல் "அவன் வரலியா?" என்று வாயில் வந்துவிட வேண்டும். அது மனமாற்றம் இல்லை. பதிலுக்கு அவனே அதை அமுக்கிவிடவும் செய்யலாம். ஆனால் வாசகர் காது அதைப் பிடித்துக்கொள்ளும். 2,200 சொல் கதையில் இரண்டு முறை வழுக்கினால் பலன் பாதி. மூன்று முறை என்றால் எழுதியவரின் கவனப்பிழை என்று நினைத்துவிடுவார்கள்.

வசைச்சொற்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. "வடக்கன்" என்பதைப் பாத்திரம் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை சொல்லட்டும். கதைசொல்லி ஒரு முறையும் வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் போட்டால் முதலில் மரத்துப்போகும், பிறகு சில வாசகர்களுக்கு ருசிக்கத் தொடங்கும். இரண்டாவதுதான் மோசம்.

அவர்கள் பேசும் தமிழ்

சினிமாவில் வருகிற கொச்சைத் தமிழை எடுத்து வைக்காதீர்கள். "நம்பள்கி", "நிம்பள்கி" எல்லாம் சேட்டு வேஷத்துக்காகக் கட்டியது. ஆலையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வந்து ஒரு வருஷம் ஆனவர்கள் பேசும் தமிழ் சரியாகவே இருக்கும், ஆனால் குறுகலாக இருக்கும். அவர்கள் காதில் விழுகிற தமிழ் முழுக்க ஏவல். வா, போ, தூக்கு, வை, சீக்கிரம், நாளைக்கு. எனவே அவர்கள் திருப்பிப் பேசும்போதும் ஏவலில்தான் வரும். "அண்ணா, நீ வா. மிஷின் பாரு." பழனிவேலுக்குச் சுர்ரென்று ஏறும்: என்னையா நீ வா, பாரு என்கிறது இது? மரியாதை தெரியாத ஜென்மம் என்று முடிவுகட்டிவிடுவான். அந்தத் தமிழை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன் வாய்தான். கதையில் இதை விளக்க ஒரு சொல்கூட வேண்டாம். முதல் பக்கத்தில் அவன் "தூக்கு, வை, போ" என்பதும், மூன்றாம் பக்கத்தில் அவர்கள் "நீ வா" என்பதும் இருந்தால் சரி.

எல்லோரையும் அவன் "இந்தி" என்றே சொல்கிறான். எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பீகார் ஆட்களின் வீட்டுமொழி போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம். ஜார்க்கண்டின் ஓராவோன் பழங்குடி மக்களுடைய மொழி குடுக்கு. அது திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது 14 பேரில் ஒருவன் வீட்டில் பேசுவது தமிழுக்கு உறவுமொழி. இந்தத் தகவல் கிடைத்ததும் கதையின் கடைசியில் ஒரு வாத்தியாரைக் கொண்டுவந்து இதைச் சொல்ல வைக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். மொழி உறவு என்பதால் வெறுக்கக் கூடாது என்றால், உறவில்லாத போஜ்புரிக்காரனை வெறுக்கலாமா? இரவில் அவன் ஊருக்குப் போனில் பேசும்போது, பழனிவேலுக்கு ஏதோ ஓர் ஒலி பிடிபட்டும் பிடிபடாமலும் போவதாக ஒரு வாக்கியம் வைத்தால் அதிகபட்சம்.

அந்த ஒருவனுக்குச் சுக்ரா என்று பெயர் வைப்போம். வறுப்புத் தட்டில் கை தேர்ந்தவன். அவன் பெயர் பழனிவேலுக்குத் தெரிவதற்கு முன்பே வாசகருக்குத் தெரிய வேண்டும்; கூட்டாளி ஒருத்தன் அவனைக் கூப்பிடுவது பழனிவேல் காதில் விழுந்தும் விழாமல் போகட்டும். அவனுக்குப் பழனிவேலோடு சம்பந்தமில்லாத ஓர் ஆசை இருக்கட்டும்: செகண்ட்ஹேண்ட் பைக் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் ஆப்பரேஷன், தங்கையின் கல்யாணம் வேண்டாம். அவனைப் புனிதனாக்கவும் வேண்டாம். சீட்டாட்டத்தில் தன் கூட்டத்துச் சின்னப்பையனை ஏமாற்றிக் காசு பிடுங்குகிறவனாக இருந்தால் நல்லது. நல்லவனை வெறுப்பது தப்பு என்று சொல்லக் கதை தேவையில்லை.

என்ன நடக்கிறது?

அடிதடி வேண்டாம். அடித்துவிட்டால் கதை போலீஸ் கேஸாகிவிடும், வாசகருக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும்: "நான் யாரையும் அடித்ததில்லையே."

2023 மார்ச் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்கு நடந்ததையெல்லாம் இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். பீகார் அரசு நிலைமையைப் பார்க்க அதிகாரிகள் குழுவை அனுப்பியது. பயந்து ரயில் ஏறியவர்கள் இருந்தார்கள். மார்ச் 8 ஹோலி என்பதால் எப்படியும் ஊருக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். யார் எதற்காகப் போகிறார் என்பது ரயில் நிலையத்திலேயே கலங்கிக் கிடந்தது. கதைக்கு இந்தக் கலங்கல் நல்லது.

ராத்திரி சுக்ராவும் இரண்டு பேரும் பழனிவேலிடம் வந்து போனை நீட்டுகிறார்கள். "அண்ணா, பாரு. நெசமா?" அவன் பார்க்கிறான். பின்னால் தெரியும் கடைப்பலகையில் தமிழ் எழுத்தே இல்லை. இது நம் ஊர் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. "பொய்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கென்ன தெரியும்" என்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. கதையின் ஒரே குற்றம் இந்த மூன்று சொல்.

இந்தக் காட்சிக்கு 600 சொல் ஒதுக்குங்கள், மற்ற எதையும்விடக் கூடுதலாக. வீடியோ ஓடுகிற நேரத்தை நீட்ட வேண்டும். போன் திரையில் விரிசல், அவன் மூக்குக்கண்ணாடி போடாததால் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்ப்பது, பலகையைக் கண்டுபிடிக்கிற கணம், மூன்று பேரும் திரையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்ப்பது. அவர்கள் அவனிடம் ஏன் வந்தார்கள் என்பதும் முக்கியம்: ஆலையில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழன் அவன்தான். நம்பி வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை அவனுக்கு ஒரு நொடி இனிக்கவும் செய்யட்டும்.

மற்றவற்றை வேகமாக முடிக்கலாம். குழாயடியும் வருகைப் பதிவும் 400 சொல், முதலாளி அறை 350, கண்ணாடி 300. கடைசிக் காட்சிக்கு 550: விடிந்தால் ஆலை காலி. 14 பேரும் சேலம் ஜங்ஷன் போய்விட்டார்கள். ஆலப்புழையிலிருந்து ராஞ்சி வழியாகத் தன்பாத் போகும் எக்ஸ்பிரஸ் சேலத்தில் நிற்கும். ஜார்க்கண்ட் ஆட்களுக்கு அதுதான் தோது. தொட்டியில் மாவு கிடக்கிறது. எடுக்க ஆள் இல்லாமல் நேரம் போகப் போக மாவு புளிக்கும், வெண்மை மங்கும், விலை விழும். முதலாளி அவனைக் கூப்பிடுகிறார், இந்த முறை நாற்காலியைக் காட்டவில்லை. "போன் போட்டு வரச் சொல்லுடா." அந்நியர்கள் போனதும் "நம்ம" போய்விட்டது. வருமானம் நின்றது. இதைச் சொல்ல ஒரு நாற்காலி போதும்.

பழனிவேலின் போனில் அவர்கள் "இந்தி 1", "இந்தி 2" என்று "இந்தி 14" வரை பதிந்திருக்கிறார்கள். வறுக்கிற பையன் எந்த எண்? தெரியவில்லை. ஒவ்வொன்றாக அழுத்துகிறான். "இந்தி 6" எடுக்கிறது, ரயில் சத்தம் கேட்கிறது, "கோன்?" என்கிறது, யார் என்று இந்தியில். கதையை இங்கே நிறுத்தலாம், அல்லது அவன் தன் பெயரைச் சொல்ல வாயெடுக்கும் இடத்தில் நிறுத்தலாம். வழுக்கி வரும் "அவன்" இந்தப் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். அவன் மன்னிப்புக் கேட்டால் வாசகருக்கு நிம்மதி வந்துவிடும். மறுபடியும் திட்டினால் வாசகர் தன்னை உயர்வாக நினைத்துக்கொள்வார். இரண்டையும் கொடுக்காதீர்கள்.

கெடுவது எங்கே?

வழக்கமாக வரும் முடிவு ரத்ததானம். வெறுப்பவன் விபத்தில் அடிபட்டு அரசு ஆஸ்பத்திரியில் கிடப்பான், வெறுக்கப்பட்டவன் வந்து ரத்தம் கொடுப்பான், "எல்லார் ரத்தமும் சிவப்புதானே" என்று நர்ஸ் சொல்வார். இதன் கோளாறு பழசு என்பது மட்டும் இல்லை. வெறுக்கப்படுகிறவன் மனுஷன் என்று நிரூபிக்க ஒரு பாட்டில் ரத்தம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று கதை ஒப்புக்கொள்கிறது. கொடுக்காதவனை வெறுக்கலாம் என்று ஆகிவிடும்.

அடுத்தது, வெறுப்பவனைக் குடிகாரனாக, பெண்டாட்டியை அடிக்கிறவனாகக் காட்டுவது. பழனிவேல் பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறவனாக, கோயில் கணக்கில் ஒரு ரூபாய் தொடாதவனாக இருக்கட்டும். அப்போதுதான் அந்தக் கண்ணாடி வலிக்கும்.

கதையில் வரும் வெறுப்பு எழுதியவருக்கே ஒட்டிக்கொண்டதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு பத்தியை எடுத்து, "இந்தி" வருகிற இடமெல்லாம் "தோட்டக்காட்டான்" என்று மாற்றிப் படியுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்களைச் சொன்ன வசை அது. அந்தத் தோட்டங்களுக்குக் கண்டிச்சீமை என்று பேர் சொல்லி ஆள் போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அங்கே ஆளைச் சேர்த்துக்கொண்டு போனவன் கங்காணி. கடன் எழுதிய "துண்டு" இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர முடியாது. அந்த முறையை ஒழிக்க 1921 ஆயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசுகளும் தலைகளைப் பங்கு பிரித்தன. மாற்றிப் படிக்கும்போது பத்தி அப்படியே ஓடினால் வெறுப்பின் இயந்திரத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். எங்கேனும் "அது வேற, இது வேற" என்று மனம் முறைத்துக்கொண்டால், பழனிவேலைத் தாண்டி நீங்கள் பேசத் தொடங்கிய இடம் அதுதான். அந்த வாக்கியத்தை வெட்டுங்கள்.

பழனிவேலின் பாட்டன் கண்டிச்சீமையில் கங்காணியாக இருந்தார் என்று கதையில் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம், ஒரு வரி. அதைப் பழனிவேல் பெருமையாகச் சொல்கிற மாதிரி.

ஏற்காட்டுத் தோட்டத்தில் நடக்கும் கதை என்றால்

வெள்ளைக்காரத் துரையை நடுவில் வைத்து எழுத நினைப்பவர்களுக்கு வேலை வேறு மாதிரி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது. மலையில் ஏற்கெனவே இருந்தவர்கள் மலையாளிகள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிடக் கூடாது, அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். பழனிவேலுக்கு இருப்பது ஒரு வாளியைச் சாய்க்கிற அதிகாரம். துரைக்குப் பின்னால் சட்டமே நிற்கிறது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத கூலியை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி, அவர் உத்தரவுக்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் தள்ள 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இடம் கொடுத்தது. அது நீங்கியது 1925இல். மாவட்டக் கோர்ட்டுகளில் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது தோட்டக்காரர்களும் சேர்ந்துதான் கொதித்தார்கள். அதனால் துரை கத்த மாட்டார். கத்த வேண்டிய அவசியம் இல்லாததுதான் அவர் வெறுப்பின் அடையாளம். தன் கூலிகளுக்குத் தானே தகப்பன் என்றுகூட அவர் நம்பலாம்.

அந்தக் காலத்து வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது மண்ணீரல். துரை உதைத்தோ அறைந்தோ வேலைக்காரன் செத்துப்போனால், மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசாகப் பட்டதிலேயே கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொல்வார். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வக்கீல் தன் குதிரைக்காரனை அடித்து அவன் செத்த வழக்கில் மாஜிஸ்திரேட் விதித்தது 30 ரூபாய் அபராதம். 1876இல் வைஸ்ராய் லிட்டனே அதைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று. ஏற்காட்டுக் கதையில் குற்றத்தைச் சுற்றி எழுதாதீர்கள். டாக்டர் கொடுக்கும் சான்றிதழைச் சுற்றி எழுதுங்கள். பறித்த காப்பிப் பழத்தை அன்றன்றே தோலுரிக்கும் பல்ப்பரில் போட வேண்டும், விட்டால் புளித்துவிடும். ஆள் விழுந்து கிடக்கும்போது பல்ப்பரை நிறுத்தலாமா என்று தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் கேட்கிறார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தால் தவறு, அது அந்தக் காலத்தில் பையில் இருக்கும். மோட்டாரும் இன்றைய 20 கொண்டை ஊசி வளைவும் கதைக்குள் வந்துவிடக் கூடாது.

மொழி இங்கே தலைகீழ். துரையின் தலைக்குள் இருக்கிறோம் என்றால் அவர் எண்ணம் சரளமான நல்ல தமிழில் ஓட வேண்டும்; கூலிகளின் தமிழ்தான் அவர் காதில் துண்டு துண்டாக, பாதி விளங்காமல் விழ வேண்டும். "டேய், நீ யாரு மேன்" என்று துரையைப் பேச வைத்தால் அவர் கோமாளியாகிவிடுவார், வாசகர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். தொனிக்கு லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரையும் புரட்டுங்கள். மலைமக்களைப் பற்றி ஓர் அரசு அதிகாரி எப்படி அமைதியாக, வகைப்படுத்தி எழுதுகிறார் என்று பாருங்கள். அந்த அமைதியைத் திருடுங்கள்.

திருத்தும்போது

முதல் வரைவை ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு பென்சிலோடு உட்கார்ந்து மூன்றை மட்டும் பாருங்கள். "வெறுப்பு", "கோபம்", "அருவருப்பு" என்று உணர்ச்சிக்குப் பெயர் வைத்த இடமெல்லாம் அடித்துவிட்டு, பத்தி நிற்கிறதா என்று படியுங்கள், பெரும்பாலும் நிற்கும். அஃறிணை முற்றுகளை வட்டமிடுங்கள், வழுக்கும் "அவன்" ஒன்றே ஒன்றுதானா என்று எண்ணுங்கள். கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு அதற்கு முந்தைய பத்தியில் கதை முடிகிறதா பாருங்கள். முடிந்தால் கடைசிப் பத்தி வேண்டாம்.

யாரையாவது விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் படிக்காதீர்கள். நீங்கள் படித்தால் பழனிவேலின் குரலை மாற்றி மாற்றி நடித்து, நீங்கள் அவன் இல்லை என்று கேட்பவருக்குக் காட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஆலையின் பெயர், முதலாளியின் பெயர், ஊரின் பெயர் மூன்றும் நிஜத்தில் ஒன்றாகப் பொருந்தாதபடி மாற்றுங்கள். சேலம் மாவட்டத்தில் ஜவ்வரிசி ஆலைகள் நிறைய, யாராவது ஒருவர் தன்னைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று வந்து நிற்பார்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். "மனிதம்", "சிவப்பு ரத்தம்", "யாதும் ஊரே" இவை வேண்டாம். "வாளி" என்றோ "ஆணி" என்றோ வைக்கலாம். "இந்தி 6" கவர்ச்சியாக இருக்கும், ஆனால் முடிவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.